லண்டன் பாக்கெட்டும் டொரண்டோ கணக்கும்

ரெண்டு யூனிட் போட்டாச்சு. இனி கால் மணி நேரம் சும்மா நிக்கணும், ஊசியைப் போட்ட கையோட ஸ்பூனைத் தூக்கக் கூடாது, இன்சுலின் உள்ள போய் வேலையை ஆரம்பிச்ச பொறவுதான் நான் வாயைத் திறக்கணும், இது மதுரை டாக்டரம்மா போட்ட சட்டம். வயித்துக்கு எந்தச் சட்டம் தெரியும், அது பாட்டுக்குக் கத்துது, நான் பாட்டுக்கு அடுக்களை மேடையில சாஞ்சு நிக்கேன், எதிர்ல கிண்ணம், கிண்ணத்துல லண்டன் தவிடு. தவிடுதான் அது. அட்டைப்பெட்டியில போட்டு, பெட்டி மேல சிரிக்கிற பொம்பளை படத்தைப் போட்டு, கப்பல் ஏத்தி அனுப்பினாலும் தவிடு தவிடுதான். எங்க வீட்டுல ஒரு பசு இருந்திருந்தா, ஏ சுகிர்தா, என் சாப்பாட்டுல உனக்கு என்னட்டி வேலைன்னு சண்டைக்கு வந்திருக்கும். பன்னெண்டு வயசுல இருந்து ஊசி, டைப் ஒன், உடம்பு சொந்தமா இன்சுலின் செய்யாது, நாமதான் ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுல எவ்வளவு மாவுச்சத்து இருக்குன்னு எண்ணி அதுக்குத் தக்கன போடணும், இருபத்தி நாலு வருசமா எண்ணுதேன். பல்லு விளக்குற மாதிரி ஆயிட்டு, அதனால அதைச் சொல்லி யார்ட்டயும் இரக்கம் வாங்க எனக்கு ஆசை இல்ல. பின்வாசல் படியில இவுக, என் வீட்டுக்காரரு எபனேசர், சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்காவ. சனிக்கிழமைன்னா கறிக்குழம்பு இவுக பொறுப்பு. ஆளு பேசவே மாட்டாவ, வெங்காயம் உரிக்கும்போது கொஞ்சமும் பேச மாட்டாவ. மசாலா வாசம் இன்னும் வரல, ஆனா வரப்போகுதுன்னு மூக்குக்குத் தெரியுது, அதுக்குள்ள இந்தத் தவிட்டை முடிச்சாகணும்.

செவ்வாக்கிழமை மதுரை. அதை நினைக்கக் கூடாதுன்னு காலையில எந்திரிக்கும்போதே முடிவு பண்ணினேன், பல்லு விளக்கி முடிக்கிறதுக்குள்ள நாலு தடவை நினைச்சாச்சு. டாக்டரம்மா சுகரோட மூணு மாசச் சராசரியைப் பாப்பாவ. ஆறரைக்குக் கீழ இருந்தா, சரிம்மா, பிள்ளைக்கு முயற்சி பண்ணுங்கன்னு சொல்லுவாவ. மேல இருந்தா கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாவ. போன தடவை கண்ணாடியைத் துடைச்சாவ. அதுக்கு முந்தின தடவையும் துடைச்சாவ. பிள்ளை வயித்துல தங்குற முதல் வாரங்கள்லதான் இதயம் உருவாகும், அப்ப அம்மாவுக்குச் சுகர் ஏறி இறங்கினா பிள்ளைக்கு ஆகாது, அதனால நம்பர் முதல்ல, பிள்ளை அடுத்தாப்புல, அவசரப்படாதீங்கன்னு அன்பாத்தான் சொல்லுதாவ. நான் அவசரப்படலம்மா, எனக்கு முப்பத்தாறு ஆகுது, வயசுதான் அவசரப்படுது. எங்க ஊர் ரயில் ஜங்ஷன்ல முன்பதிவு கவுன்டர்ல உக்காந்து நாள் பூரா ஜனங்களுக்கு வெயிட்டிங் லிஸ்ட் நம்பர் சொல்லுதவ நான். குறையும்மா, சார்ட் போடுறதுக்குள்ள குறைஞ்சிரும்னு ஆறுதல் சொல்லி அனுப்புதேன், எனக்கு அப்படிச் சொல்ல ஒரு கவுன்டர் இல்ல. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா போன வருசம் நம்பர் நல்லா இருந்துச்சு. ஆறு புள்ளி எட்டு, ஆறு புள்ளி ஏழுன்னு படி இறங்கி வந்துக்கிட்டு இருந்துச்சு. ஈஸ்டருக்குப் பொறவு என்ன பேய் பிடிச்சுதோ, காலையில எல்லாம் ஒழுங்கா இருக்கும், பத்து மணி ஆச்சுன்னா கையில ஒட்டியிருக்கிற சென்சார் போன்ல கத்தும், பாத்தா இருநூறு, அம்பு நட்டுக்கிட்டு மேல போகும். அதே சாப்பாடு, அதே ஊசி, அதே நான். டாக்டரம்மா ராத்திரி ஊசியைக் கூட்டிப் பாத்தாவ, விடியக்காலம் சுகர் இறங்கி வேர்த்துக் கொட்டினதுதான் மிச்சம், மறுபடி குறைச்சாச்சு. எண்ணுறது சரியா இருக்காம்மான்னு கேட்டாவ, கிராம் பிசகாம எண்ணுதேன் டாக்டர்னேன். பெருமையா சொன்னேன். அப்ப என் உடம்புலதான் கோளாறு. வயசாகுது, உடம்பு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது, பிள்ளை வேண்டாம்னு உடம்பே முடிவு பண்ணிட்டுப் போலன்னு ஆறு மாசமா மனசு ஒரே இடத்துல போய்ப் போய் முட்டுது. சீ, போதும். தவிட்டைப் பாரு.

கணக்கு சுலபம். கிண்ணத்துக்கு மாவுச்சத்து இருபத்தி நாலு கிராம், நார்ச்சத்து பதிமூணு சொச்சம், கழிச்சா பத்து சொச்சம். பாலுக்குப் பத்து. ஆக இருபது. காலையில எனக்குப் பத்து கிராமுக்கு ஒரு யூனிட், ரெண்டு யூனிட், போட்டாச்சு, தீந்துச்சு. இந்தக் கழித்தல் டொரண்டோ மெர்சி அக்கா சொல்லிக் குடுத்தது. இவுகளுக்கு மூத்த அண்ணன் பெண்டாட்டி, அங்க ஒரு மருந்துக்கடையில வேலை, எங்க குடும்பத்துல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் போன் டொரண்டோவுக்குத்தான் போகும், அவுக சொன்னா அப்பீல் கிடையாது. இவுக எல்லாத்துக்கும் மயினி என்ன சொன்னாவன்னு கேக்கிற ஆளு. ரெண்டு வருசம் முன்னால அவுக முதல் தவிட்டு அட்டைப்பெட்டி அனுப்பினப்ப ஒரு கூத்து. ஒரு பக்கம் இங்கிலீஷ், பக்கத்துல பிரெஞ்சு, நான் அதுல குளூசிட்னு ஒரு வார்த்தையைப் பாத்துட்டு அம்மாடி, குளுக்கோஸை அள்ளிப் போட்டிருக்கான்னு பெட்டியைத் தொடவே இல்ல. ரெண்டு நாள் கழிச்சு அவுக வீடியோவுல வந்து விழுந்து விழுந்து சிரிச்சாவ. அடி கழுதை, அது மாவுச்சத்துக்குப் பிரெஞ்சு பேருடி. மொத்தத்தைப் பாரு, அதுல இருந்து நாரைக் கழி, நார் சுகராகாது, மிச்சத்துக்கு ஊசி போடு. கழி, கழின்னு பாட்டு மாதிரி சொன்னாவ. பொறவு சபையில பாட்டுக்குழுல ஒரு அக்கா ஜெர்மனி போய்ட்டு பிஸ்கட் கொண்டு வந்தாவ, அதுல ஆறு, பக்கத்துல கமா, அடுத்தாப்புல அஞ்சு, நான் அறுபத்தஞ்சுன்னு படிச்சுட்டு ஒரு பிஸ்கட்டை அரை மணி நேரம் முறைச்சுப் பாத்தேன். அவன் ஊர்ல புள்ளி வைக்கிற இடத்துல கமா வைப்பானாம், ஆறரைதான் அது. நம்மூர் பாக்கெட்டைச் சொல்லவே வேண்டாம், நார்ச்சத்துன்னு ஒரு வரியே பாதி பாக்கெட்டுல கிடையாது, இருந்தாலும் ஒட்டின மடிப்புக்குள்ள எறும்பு மாதிரி அச்சடிச்சிருப்பான், பிச்சுப் பாக்கணும். பிச்சுப் பாத்தா அத்தைக்கு, அதான் இவுக அம்மாவுக்கு, பிடிக்காது. அத்தைக்குப் பாக்கெட்டே பிடிக்காது. எது வீட்டுக்குள்ள வந்தாலும் அடுத்த நிமிசம் பிரிச்சுச் சம்படத்துல கொட்டிருவாவ, பாக்கெட்டோட வச்சா அடுக்களை பெட்டிக்கடை மாதிரி இருக்காம். நான் குப்பையில கிடந்து அட்டையைப் பொறுக்கி, கணக்கு இருக்கிற பக்கத்தை மட்டும் வெட்டி, துணி காயப்போடுற கிளிப்பை வச்சுச் சம்படத்து மூடியில மாட்டி வைக்கேன். எங்க வீட்டுச் சம்படம் பூரா கம்மல் போட்டுக்கிட்டு நிக்கும்.

மணியைப் பாத்தா முள்ளு நகரவே இல்ல. புதுச் சம்படம் ஒண்ணு கண்ணுல படுது, நேத்து வந்தது. லண்டன் கொழுந்தன் கிதியோன் யாரோ ஊருக்கு வந்தவங்க கையில குடுத்து விட்டிருக்கான், சியா விதையாம், பிள்ளைக்குக் காத்திருக்கிற பொம்பளைகளுக்கு நல்லதாம், ரொம்ப வெக்கப்பட்டுக்கிட்டு போன்ல அவன் அண்ணன்ட்ட சொல்லியிருக்கான். அந்தப் பையன்தான் ஈஸ்டருக்கு வந்தப்ப இந்தத் தவிட்டையும் ஓட்ஸ் பிஸ்கட்டையும் ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்தான், மெர்சி அக்கா சரக்கு தீந்து போச்சேன்னு நான் முழிச்சுக்கிட்டு நின்ன நேரம், கடவுள் அனுப்பின மாதிரி வந்தான். சரி, ஒரு ஸ்பூன் சியாவையும் பால்ல போடுவோம்னு மூடியைத் திறக்கேன், அத்தை காய்கறிப் பையோட உள்ள வாராவ. ஏட்டி, அது சப்ஜா விதைதான, இதுக்கா ஒருத்தன் லண்டன்ல இருந்து சுமக்கணும்? சப்ஜா இல்ல அத்தை, சியா. என்ன சியாவோ, தண்ணியில போட்டா ரெண்டும் தவளை முட்டை மாதிரிதான் ஊறுது. அத்தைக்குப் பேரு அன்னபாக்கியம், ஆனா எனக்காக அவுக சோத்தையே பாதியாக்கிட்டாவ, காப்பிக்குச் சீனியை விட்டுட்டாவ, ஏன் அத்தை, எனக்குத்தான சுகர், நீங்க குடிங்கன்னா, அட போட்டி, எனக்கு இப்ப அந்த ருசியே மறந்துட்டுன்னு பொய் சொல்லுவாவ. கிளிப்புல மாட்டின அட்டையைப் பாக்கேன். நூறு கிராமுக்கு மாவுச்சத்து ரெண்டு. நார்ச்சத்து முப்பத்தி நாலு. கழி, கழி. ரெண்டுல முப்பத்தி நாலு போனா? மைனஸ் முப்பத்திரெண்டு. ஹா! ஒரு ஸ்பூன் போட்டா மைனஸ் மூணு. ஆறு ஸ்பூன் போட்டா கிண்ணமே காலி, ஊசியே வேண்டாம், போட்ட ரெண்டு யூனிட்டையும் உறிஞ்சி வெளிய எடுத்துரலாம். ஒரு கிலோ தின்னா இன்னைக்கு இவுக வைக்கிற கறிக்குழம்புக்கு ஒரு சட்டி சோறு சாப்பிட்டாலும் கணக்கு நேராகிரும். இருபத்தி நாலு வருசமா நான் தேடுற மருந்தைத் தவளை முட்டையில வச்சிருக்கான் பாருங்க. நான் தனியா நின்னு சிரிக்கேன், அத்தை முருங்கைக்காயை நறுக்கிக்கிட்டே, என்னட்டி பேய் பிடிச்ச மாதிரி சிரிக்க, சுகர் இறங்கிட்டா, குளுக்கோஸ் எடுக்கட்டான்னு கேக்காவ. இல்ல அத்தை, கணக்கு கோணலா வருது.

கோணலா வருது. சிரிச்சு முடிச்ச பொறவும் அந்த மைனஸ் போக மாட்டேங்குது, பல்லு இடுக்குல மாட்டின முருங்கை நார் மாதிரி நாக்கு அங்கயே போகுது. அச்சுப் பிழையா இருக்கும். இல்ல, நான்தான் வரி மாத்திப் படிச்சுட்டேன், ஜெர்மனி கமா மாதிரி. மறுபடி பாக்கேன், ரெண்டுதான், முப்பத்தி நாலுதான். ஏதோ விதைக்கு அப்படி இருக்கும், விடு, உனக்கென்ன. செவ்வாக்கிழமைக்கு விடியக்காலம் மூணு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினா போதுமா, இல்ல ரயிலா, நம்ம கவுன்டர்லயே பாத்திருக்கலாம். டாக்டரம்மா கண்ணாடியைத் துடைச்சா இந்தத் தடவை நான் அழக் கூடாது, போன தடவை லிஃப்ட்ல அழுதுட்டேன், இவுக லிஃப்ட்டுல எழுதியிருந்த எத்தனை பேர் ஏறலாம்ங்கிறதைப் படிக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்னாவ. அவுகளுக்கு வருத்தமே இல்லையோன்னு அன்னைக்கு எனக்குக் கோவம் கூட வந்துச்சு, எப்பப் பாரு, கடவுள் சித்தம், பாப்போம்னு சொல்லுத மனுசன், பிள்ளை இல்லாட்டாலும் இவுக வெங்காயம் உரிச்சுக்கிட்டு நிம்மதியா இருப்பாவ போலன்னு. நார் மாவுச்சத்துக்குள்ளதான இருக்கு? மெர்சி அக்கா அப்படித்தான சொன்னாவ, மொத்தத்துக்குள்ள நாரும் இருக்கு, அதனால கழின்னு. உள்ள இருக்கிறது எப்படி வெளிய இருக்கிறதை விடப் பெருசா இருக்கும்? ரெண்டு ரூம் வீட்டுக்குள்ள முப்பத்தி நாலு ரூம் எங்க இருந்து வரும்? ஊசி போட்ட இடம் லேசா எரியுது. கறிவேப்பிலை ஆயலையேன்னு அத்தை முனங்குதாவ. ரெண்டு ரூம் வீட்டுக்குள்ள. இல்ல இல்ல, இரு. உள்ள இல்லையோ? பக்கத்து வீடோ?

நெஞ்சு படக் படக்குன்னு அடிக்குது, சுகர் இறங்கல, சென்சார் நூத்திப்பத்துன்னு சமத்தா நிக்கு, இது வேற அடி. தவிட்டுச் சம்படத்து மூடியில ரெண்டு அட்டை தொங்குது, பழைய டொரண்டோ அட்டையை எடுத்துப் போட நான் சோம்பல்பட்டுருக்கேன், அதுக்கு மேலயே லண்டன் அட்டையை மாட்டியிருக்கேன். ரெண்டையும் கழட்டி மேடையில பக்கத்துல பக்கத்துல வைக்கேன். டொரண்டோவுல மாவுச்சத்துன்னு எழுதி அதுக்குக் கீழ, கொஞ்சம் உள்ள தள்ளி, நார்ச்சத்து. அம்மா முந்தானையைப் பிடிச்ச பிள்ளை மாதிரி உள்ள தள்ளி நிக்கு. லண்டன்ல மாவுச்சத்து, அதுக்குக் கீழ உள்ள தள்ளி சீனி மட்டும், பொறவு நார்ச்சத்து, தள்ளவே இல்ல, கொழுப்பு புரதம் எல்லாத்தோடயும் ஒரே கோட்டுல, தனியா, தனி வரியா நிக்கு. ஆறு மாசமா தினமும் பாத்த அட்டை இது. கூட்டிப் பாருட்டி, கூட்டிப் பாரு. சியா: கொழுப்பு முப்பத்தி ஒண்ணு, மாவுச்சத்து ரெண்டு, புரதம் இருபது, ஆக அம்பத்தி மூணு, நூறுல மீதி நாப்பத்தி ஏழு என்ன, காத்தா? நாரையும் தனியா சேத்தா எம்பத்தி ஏழு, மீதி ஈரம், உப்பு, சரியா வருது! தவிடு: நாரைத் தனியா சேத்தாத்தான் தொண்ணூத்தி ரெண்டு வருது, சேக்காட்டா அறுபத்தஞ்சுலயே நிக்கு. அப்ப லண்டன்காரன் நாரை முன்னாலயே கழிச்சுட்டுத்தான் எழுதுதான். அவன் ஒரு தடவை கழிச்சதை நான் இன்னொரு தடவை கழிச்சிருக்கேன். ஏங்கன்னு நான் போட்ட சத்தத்துல இவுக கத்தியும் கையுமா ஓடி வந்துட்டாவ, அத்தை சீனி டப்பாவைத் தூக்கிட்டாவ. ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, உக்காருங்க, லண்டன் பாக்கெட்டுல நாரைக் கழிக்கணுமா கூடாதான்னு போன்ல பாருங்க, சீக்கிரம். இவுக வெங்காயக் கையோட தேடி, கண்ணு எரிஞ்சு, நிதானமா, அவுக நிதானத்துக்கு ஒரு நாள் நான் பைத்தியமாவேன், நிதானமா படிக்காவ: ஐரோப்பாவுலயும் இங்கிலாந்துலயும் மாவுச்சத்துன்னு போடுறதுல நார் சேராதாம். அமெரிக்கா, கனடாவுல சேருமாம். கழிக்கிறது அங்க மட்டும்தான். டொரண்டோவுல ராத்திரி ஆயிருக்கும், இருந்தாலும் மெர்சி அக்காவுக்குப் போனைப் போட்டுட்டேன். அக்கா, லண்டன் பாக்கெட்டுக்கும் கழிச்சுட்டேன். அங்க இருந்து ஒரு அலறல். அய்யய்யோ, நான் கனடா பெட்டிக்குத்தானடி சொன்னேன்! லண்டனுக்குமா கழிச்ச? எத்தனை நாளா? ஈஸ்டர்ல இருந்தா? நாசமாப் போற என் வாய், நான் ஏண்டி ஒரு வார்த்தை கேக்கலன்னு அவுக அழ ஆரம்பிக்க, நான் சிரிக்க ஆரம்பிக்க, அழாதீங்க அக்கா, இதை விட நல்ல சேதி எனக்கு இந்த வருசத்துல வரல.

ஆமா, நல்ல சேதி, ஏன்னு கேக்கியளா? கிண்ணத்துக்கு இருபத்தி நாலு, பாலுக்குப் பத்து, முப்பத்தி நாலு, மூணரை யூனிட் போட வேண்டிய இடத்துல ரெண்டு போட்டுட்டு, உடம்பு கேக்க மாட்டேங்குதுன்னு உடம்பைத் திட்டியிருக்கேன். சாயங்காலம் ஓட்ஸ் பிஸ்கட்டுக்கும் அதே கழித்தல். பாவம் இந்த உடம்பு, குடுத்த மருந்துக்கு ஒழுங்காத்தான் வேலை பாத்திருக்கு, நான் பாதி குடுத்துட்டு முழுசு கேட்டிருக்கேன், அது பத்து மணிக்குப் பத்து மணி சென்சார்ல கத்திக் கத்திச் சொல்லியிருக்கு. இன்னும் ஒரு யூனிட் போடுதேன், அரை கம்மியாவே இருக்கட்டும், முதல் நாளே வீரம் வேண்டாம். போட்டுட்டு, கொஞ்ச நேரம் நின்னுட்டு, தவிட்டைச் சாப்பிடுதேன். சத்தியமா சொல்லுதேன், தவிடு இவ்வளவு ருசியா இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது. சியாவை மட்டும் போடல, அது நாளைக்கு. அத்தை எதிர்ல உக்காந்து என் வாயையே பாக்காவ. அவுகளுக்கு நாரும் புரியல, கோடும் புரியல, ஒண்ணு மட்டும் கேக்காவ: அப்ப நான் ரசத்துல கொஞ்சம் வெல்லம் தட்டிப் போடுவேன்லா, அதனால இல்லையா? இந்த ஆறு மாசமும் அத்தை இதை மனசுல வச்சுக்கிட்டா சீனியை விட்டாவ? ஸ்பூனைக் கீழ வச்சேன். இல்ல அத்தை, உங்க ரசத்து மேல ஒரு குத்தமும் இல்ல, என் கணக்கு மேலதான். அவுக ஒரு பெருமூச்சு விட்டாவ பாருங்க, அடுக்களை ஜன்னல் திரையே ஆடிட்டு. எந்திரிச்சுப் போய் ஒரு காப்பி போட்டு, ரெண்டு ஸ்பூன் சீனியை முழுசா போட்டு, என் முன்னாலயே நின்னு குடிச்சாவ.

இனி பத்து மணி. பயம் சும்மா விடுமா, கிண்ணத்தைக் கழுவி வைக்கதுக்குள்ள அது வந்து பக்கத்துல நிக்கு. ஒருவேளை இதுவும் காரணம் இல்லாட்டா? ஒருவேளை நார்க் கணக்கு சரியாகி, உடம்பும் உண்மையிலேயே கெட்டுப் போயிருந்தா? செவ்வாக்கிழமை நம்பர் எப்படியும் மாறப் போறதில்ல, அது போன மூணு மாசத்து நம்பர், டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டத்தான் போறாவ, கழட்டட்டும், நான் ரெண்டு அட்டையையும் கையில கொண்டு போய் மேசையில வைப்பேன், அவுகளும் சிரிப்பாவ, நல்ல மனுசி. ஆனா அடுத்த மூணு மாசம், அதுதான என்னோடது. ஒன்பதரைக்கு நூத்தி முப்பது. வழக்கமா இந்நேரம் அம்பு சாஞ்சு மேல பாக்கும், பாக்கல. குழம்பு கொதிக்கிற வாசம் வீடு பூரா சுத்துது, அத்தை முருங்கைக்காயையும் அதுலயே போட்டுட்டாவளோ என்னமோ, இவுக முகம் சுளிச்சுக்கிட்டுக் கிண்டிக்கிட்டு இருக்காவ. நான் துணி மடிக்கேன், மடிச்சதையே மறுபடி மடிக்கேன், போனைப் பாக்கேன், கவுத்து வைக்கேன், எடுக்கேன். ஒன்பதே முக்கால். நூத்தி நாப்பது. ஏறுது. ஏறுதோ? ஏறத்தான் செய்யும், சாப்பிட்டா ஏறாதா, கழுதை, பொறு. வாசல்ல மீன்காரம்மா கூப்பிட்டுப் போறாவ, இன்னைக்கு வேண்டாம் அக்கா, கறி எடுத்தாச்சுன்னு அத்தை பதில் குடுக்காவ. பத்து. நான் கண்ணை மூடிக்கிட்டுப் போனை எடுத்து, ஒரு கண்ணை மட்டும் திறந்து பாக்கேன். நூத்தி முப்பத்தாறு. அம்பு படுத்துக் கிடக்கு, ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல, சுகமா தூங்குத மாதிரி நேர்கோடா கிடக்கு.

நான் சத்தம் போடல. அடுப்புப் பக்கத்துல போய் நின்னு போனை இவுக முகத்துக்கு நேரா நீட்டினேன். இவுக கரண்டியை வச்சுட்டு, பாத்து, தலையை ஆட்டிட்டு, மறுபடி கரண்டியை எடுத்தாவ. அவ்வளவுதானா? இதுக்கும் அவ்வளவுதானா? மூணு மாசம் ஆகும்ங்க, அதுக்குப் பொறவு டாக்டரம்மா சரின்னு சொல்லுவாவன்னு நினைக்கேன்னு சொன்னேன். மூணு மாசம்தான, பாப்போம்னாவ. வழக்கமான பாப்போம். எனக்கு வந்த கோவத்துல, இவுகளைச் சும்மா சீண்டணும்னுதான் கேட்டேன், இது வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறந்து பேசாத பேச்சு அது. சரி, பிள்ளை பிறந்தா என்ன பேரு வைக்கலாம்? குழம்பைக் கிண்டுத கை நிக்கவே இல்ல. யோசிக்கவும் இல்ல. பொம்பளப் பிள்ளைன்னா பேரின்பம்னாவ. பையன்னா இன்னும் முடிவு பண்ணல, மூணு பேரு வச்சிருக்கேன், ஒண்ணு மட்டும் உனக்குப் பிடிக்காதுன்னு நினைக்கேன். நான் வாயைப் பிளந்து நிக்கேன். எப்ப இருந்து வச்சிருக்கீக? கல்யாணம் ஆன வருசத்துல இருந்து. சொல்லி என்ன செய்ய, நீ ஏற்கனவே நம்பரைப் பாத்து அழுத, இதையும் உன் தலையில ஏத்தணுமான்னு விட்டுட்டேன். பேரின்பமாம்! இந்தக் காலத்துல பேரின்பம்னு ஒரு பிள்ளைக்குப் பேரு வச்சா அது காலேஜ் போய் நம்மளைத் திட்டாதா? எனக்குக் கண்ணு நிறைஞ்சுட்டு, மூக்கு ஒழுகுது, சிரிப்பு வேற பொத்துக்கிட்டு வருது, இந்த மனுசன் மேல இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு என்னைக்கும் வந்ததில்ல. முந்தானையில முகத்தைத் துடைச்சுட்டு அடுப்பைக் குறைச்சு வச்சேன். சரி, அந்த மூணையும் சொல்லுங்க, கேப்போம்னேன்.